வெளுத்து மடித்த ஜப்லா

முதல் குழந்தை போட்டுக் கழித்த ஜப்லாக்களை அடுத்த குழந்தைக்கு ஆகும் என்று எடுத்து வைக்காத வீடு அபூர்வம். துவைத்து, வெயிலில் உலர்த்தி, மடித்து, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி பீரோவின் மேல்தட்டில் வைத்தாயிற்று. மூன்று வருடம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் கழுத்தடியிலும் மார்பிலும் மஞ்சள் திட்டுகள். வைக்கும்போது துணி வெள்ளை வெளேரென்று இருந்தது என்று சத்தியம் செய்யத் தயாராக இருப்பீர்கள். "சரியாத் துவைக்காம வெச்சிருப்பே" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்.

யாரும் போடாத துணி. வெளிச்சம்கூடப் படாமல் கிடந்த துணி. அதில் கறை எங்கிருந்து வந்தது?

அந்தக் குரலை அடியோடு தள்ளிவிட முடியாது. கறை மூட்டைக்குள் புதிதாக வரவில்லை, உள்ளே போகும்போதே துணியில் இருந்தது. அப்போது அதற்கு நிறம் இல்லை, அவ்வளவுதான். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற துணி உண்மையில் காலியான துணி அல்ல. துவைத்து முடித்தபின் நூலில் என்ன தங்கியிருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம் முழுக்க நாம் கேட்கப்போகும் கேள்வி.

ஒரு தேக்கரண்டிப் பால்

கைக்குழந்தை பால் கக்குவதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். தாய்ப்பால் 100 மில்லியில் ஏறத்தாழ 4 கிராம் கொழுப்பு, 1 கிராம் புரதம், 7 கிராம் பால்சர்க்கரை இருக்கும். தோளில் போட்டுத் தட்டும்போது குழந்தை ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, கக்குகிறது என்று வையுங்கள். ஜப்லாவில் விழுந்தது 350 மில்லிகிராம் சர்க்கரை, 200 மில்லிகிராம் கொழுப்பு, 50 மில்லிகிராம் புரதம்.

சர்க்கரையால் தொல்லை இல்லை. பச்சைத்தண்ணீரில் அலசினாலே கரைந்து போய்விடும்.

புரதம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். குழந்தையின் வயிற்றில் அமிலம் பட்டுத் திரிந்து வந்த பால் அது. கக்கியதில் வெள்ளைத் துணுக்குகள் தெரிகின்றனவே, அவை திரண்ட புரதமும் அதில் சிக்கிய கொழுப்பும். இங்கேதான் பலரும் நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்கிறோம்: குழந்தைத் துணியாயிற்றே என்று எடுத்த எடுப்பில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுகிறோம். பாலில் உள்ள புரதங்களில் சில 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருமாறி இறுகிவிடும். நூல் இழைகளுக்கு நடுவில் புரதம் வெந்து ஒட்டிக்கொண்டால் பிறகு அதைப் பெயர்ப்பது பெரும்பாடு. எனவே முதல் அலசல் குளிர்ந்த நீரில்தான். வெந்நீர் கூடாது என்பதல்ல, அதற்கு முறை பிறகு வரும்.

மிஞ்சியது கொழுப்பு. தண்ணீருக்கும் அதற்கும் ஒத்துவராது. நடுவில் நின்று சேர்த்துவைக்கத்தான் சோப்பு. சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெயை நாடும், மறுமுனை தண்ணீரை நாடும். இந்த வகைப் பொருள்களை நாம் இருதலை மூலக்கூறு என்று அழைப்போம். துணி சோப்பு, சலவைத் தூள், ஷாம்பு எல்லாவற்றிலும் வேலை செய்வது இதுதான். எண்ணெய் முனைகள் கொழுப்புத் துளிக்குள் குத்திக்கொள்ள, தண்ணீர் முனைகள் வெளியே நீட்டிக்கொள்ள, துளி நூலை விட்டுக் கழன்று நீரில் மிதக்கத் தொடங்கும். கொழுப்பு இளகியிருந்தால் இது சுலபம். வெதுவெதுப்பான நீருக்கு இப்போதுதான் முறை.

நீங்கள் நன்றாகவே துவைத்தீர்கள், 95 சதவீதக் கொழுப்பு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி 10 மில்லிகிராம். கறை பட்ட இடம் 4 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள பின்னலாடைத் துணி என்றால், அந்தத் துண்டின் எடை 300 மில்லிகிராம். ஆக, 'சுத்தமான' அந்த இடத்தின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு பால் கொழுப்பு. நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குழந்தை மறுநாளும் அதே கழுத்தடியில்தான் கக்கும்.

இருட்டில் நடக்கும் வேலை

கொழுப்பின் மூலக்கூறு என்பது நீண்ட கார்பன் சங்கிலி. சில சங்கிலிகளில் எல்லாக் கார்பன்களும் கொள்ளுமட்டும் ஹைட்ரஜனை ஏந்தி நிற்கும். வேறு சிலவற்றில் ஒன்றிரண்டு இடங்களில் ஹைட்ரஜன் குறைந்து, அந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு இருக்கும். பின்னதை நிறைவுறாக் கொழுப்பு என்பார்கள். தாய்ப்பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதி இந்த வகை.

காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு அந்தக் குறையுள்ள இடம்தான் இலக்கு. மெதுவாக, மாதக்கணக்கில், அது அங்கே ஏறிக்கொள்கிறது. ஏறிய இடத்தில் சங்கிலி உடைகிறது. உடைந்த சிறு துண்டுகளில்தான் பழைய எண்ணெயின் சிக்கு வாடை இருக்கிறது. அத்துண்டுகள் அக்கம்பக்கத்தில் மிஞ்சியிருக்கும் புரதத்துடனும் தம்மில் தாமேயும் பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. அவை நீல ஒளியை விழுங்குவதால் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகின்றன. மூட்டைக்குள் நடந்தது இவ்வளவுதான். இதற்கு வெளிச்சம் தேவையில்லை. நம் ஊர் வெப்பமே போதும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வெள்ளைத் துணியில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, தள்ளி நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு அலமாரியில் போட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு, ஆக்சிஜனுக்கு அங்கே அதிக இடமில்லை. நல்லெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுறாதது. முதலில் நிறம் மாறப்போவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. (நல்லெண்ணெய் தானாகவே ஆக்சிஜனைத் தடுக்கும் சில பொருள்களையும் வைத்திருக்கிறது. ஆகவே கொஞ்சம் பொறுமை வேண்டும்.)

புட்டிப்பால் கறை இன்னும் மோசம் என்று சொல்லும் தாய்மார்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். பால் மாவில் தாவர எண்ணெய்கள் சேர்ந்திருக்கும், கூடவே இரும்புச்சத்தும் இருக்கும். ஆக்சிஜன் ஏறும் வேலையை இரும்பு துரிதப்படுத்தும்.

வந்துவிட்ட மஞ்சளைப் போக்க, எந்த ஆக்சிஜன் அதை உண்டாக்கியதோ அதையேதான் நாட வேண்டும். சோடியம் பெர்கார்பனேட் என்ற தூள், 'ஆக்சிஜன் வெளுப்பான்' என்ற பெயரில் கிடைக்கிறது. வெந்நீரில் போட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடை விடுவிக்கும். அது நிறமுள்ள அந்தப் பெரிய மூலக்கூறுகளைத் தாக்கி நிறமற்ற துண்டுகளாக உடைக்கிறது. சில மணி நேரம் ஊறவிட்டால் பெரும்பாலான பால் கறைகள் இறங்கிவிடும். இதெல்லாம் வெள்ளைப் பருத்திக்கு. மற்ற நூல்களின் கதையைப் பிறகு பார்ப்போம்.

சொட்டு நீலம் போட்டால் மஞ்சள் போய்விடுகிறதே என்று கேட்கலாம். போவதில்லை. மஞ்சள் விழுங்கிய நீல ஒளிக்கு ஈடாக நீலச் சாயத்தை ஏற்றிவிட, மொத்தத்தில் வெண்மை போலத் தோன்றுகிறது. கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பச்சைக்குழந்தையின் துணிக்கு இந்த ஒப்பனை எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

குளிப்பாட்டும்போது ஒட்டும் மஞ்சள் தூளின் கறை வேறு ஜாதி. சோப்பு பட்டதும் சிவக்கும், அலசினால் மறுபடி மஞ்சளாகும், பார்த்துப் பயப்பட வேண்டாம். அதன் நிறமிக்கு வெயில் ஆகாது. கறை பட்ட பக்கம் மேலே தெரியும்படி கொடியில் போட்டால் போதும்.

வெள்ளாவி ஏன் பருத்திக்கு மட்டும்?

இதுவரை பேசியது பால் பற்றி. பால் எதில் ஒட்டியிருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம்.

பருத்தி நூல் செல்லுலோஸால் ஆனது, அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. அதற்குத் தண்ணீர் மீது பிரியம். சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் 100 கிராம் பருத்தி, நமக்குத் தெரியாமலே 7, 8 கிராம் நீரைக் காற்றிலிருந்து எடுத்து வைத்திருக்கும். இன்னொரு விசேஷம், நனைந்தால் பருத்தியின் பலம் கூடும். கல்லில் அடித்தும் வேட்டி கிழியாததற்கு அதுவே காரணம். காரத்தையும் அது தாங்கும். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணியை முக்கி, அடுக்கி, நீராவியில் வேகவைத்த வெள்ளாவி முறை இந்த இரண்டு குணங்களையும் தெரிந்துகொண்டு அமைத்தது. உவர்மண்ணில் உள்ள சோடா காரம், கொழுப்பை அங்கேயே சோப்பாக மாற்றும். அழுக்கைக் கொண்டே அழுக்கை வெளுப்பது என்று சொன்னால் தப்பில்லை. திருப்பூரிலிருந்து வரும் பருத்திப் பின்னல் ஜப்லாவுக்கு நாம் செய்யும் எல்லாமே அந்த முறையின் மிதமான வடிவம்தான்.

இதே வைத்தியத்தைப் பட்டுப் பாவாடைக்குச் செய்தால் பாவாடை மிஞ்சாது. பட்டும் கம்பளியும் செடியிலிருந்து வந்தவை அல்ல, விலங்கினத்தின் புரதம். காரம் புரதத்தை அறுக்கும். குளோரின் வெளுப்பானின் கதை இன்னும் கொடுமை: கலப்புத் துணியில் கம்பளி எவ்வளவு, பருத்தி எவ்வளவு என்று அறிய ஆய்வகங்களில் அந்த வெளுப்பானில் உள்ள அதே ஹைப்போகுளோரைட்டின் கரைசலில்தான் போடுவார்கள். கம்பளி முழுக்கக் கரைந்து காணாமல் போகும், பருத்தி மட்டும் மிஞ்சும்.

சலவைத் தூள்களில் சேர்க்கப்படும் நொதிகளையும் இங்கே யோசிக்க வேண்டும். நொதி என்பது உயிர்களின் உடலில் வேதிவினையை விரைவாக்கும் புரதம். ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1913இல், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த செரிமான நொதியைச் சலவைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். நம் வயிறு உணவுப் புரதத்தைச் செரிப்பதைத் துணிமேல் நடத்திக் காட்டும் யோசனை. இன்றைய தூள்களில் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி இருக்கிறது. பால், மலம், மசித்த பருப்பு ஆகிய கறைகளுக்கு நல்ல பலன். ஆனால் அந்த நொதிக்குப் பால் புரதம் எது, பட்டுப் புரதம் எது என்று பிரித்தறியத் தெரியாது. காதுகுத்துக்குப் போட்ட பட்டுப் பாவாடையை நொதித் தூளில் ஊறவைப்பது, கறையோடு சேர்த்துத் துணியையும் செரிக்கக் கொடுப்பது.

பட்டில் பால் கொட்டினால் உடனே குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, பட்டு நனைந்தால் பலம் குறையும். காரமில்லாத திரவ சோப்பில் முக்கி எடுத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும், வெயில் பட்டால் பட்டே மஞ்சளாகும். ரேயான் கவுன்களுக்கும் இதே பரிவு தேவை. ரேயான் செல்லுலோஸ்தான் என்றாலும் நனைந்த நிலையில் அதன் பலம் பாதியளவுகூடக் குறையக்கூடும்.

கம்பளியின் தொல்லை வேறு. கம்பளி முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. வெந்நீரில் போட்டுக் கசக்கும்போது முடிகள் ஒன்றையொன்று கடந்து நகரும். முன்னே போக முடியும், திரும்பி வர முடியாது, செதில் மாட்டிக்கொள்ளும். ஆறு மாதக் குழந்தையின் ஸ்வெட்டர் பொம்மைக்கு அளவெடுத்த மாதிரி ஆகிவிடும். இழுத்தாலும் விரியாது.

ஆனால் நீங்கள் ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர் கம்பளிதானா? சந்தையில் 'உல்லன்' என்று விற்பவற்றில் பெரும்பகுதி அக்ரிலிக். உட்புறத் தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தீக்குச்சி காட்டுங்கள். முடி கருகும் வாடையோடு சுருண்டு, நசுக்கினால் பொடியும் கரி மிஞ்சினால் கம்பளி. உருகிக் கெட்டியான கரு மணியாக உறைந்தால் அக்ரிலிக். பின்னதை ஜப்லாவோடு சேர்த்தே துவைக்கலாம், அடுப்புப் பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலைத்துணி வைத்த பிறந்தநாள் கவுன் பெரும்பாலும் பாலியெஸ்டர். 100 கிராமுக்கு அரை கிராம் நீரைக்கூட இது காற்றிலிருந்து எடுக்காது. தண்ணீரை வெறுக்கும் நூல் எண்ணெயை நாடும். அதனால்தான் எண்ணெய் தேய்த்த குழந்தைக்குப் போட்ட கவுனில், துவைத்த பிறகும் அந்த வாடை நிற்கிறது. தண்ணீர்க் கறை பட்டால் ஒரு உதறலில் போய்விடும், எண்ணெய் என்றால் கறையின் மீது நேரடியாகத் திரவ சோப்பைத் தடவிக் கால் மணி நேரம் விட்ட பிறகே அலச வேண்டும்.

ஒரு வாளித் தண்ணீர் தின்னும் சோப்பு

துவைத்த துணி காய்ந்ததும் அப்பளம் போல் மொறமொறவென்று விறைத்து நிற்கிறதா? அங்கே தங்கியது கொழுப்பு அல்ல, சோப்பே.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். இவை சோப்போடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத, பிசுபிசுப்பான வெண்மைப் படிவு ஆகும். குளியலறைத் தரையில் படிகிற அதே சமாச்சாரம். இந்தியக் குடிநீர்த் தர விதி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம் என்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. நடுவில் 300 என்று எடுத்துக்கொண்டால், 20 லிட்டர் வாளியில் 6 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான உப்பு. வேதியியல் கணக்குப்படி அது ஏறத்தாழ 36 கிராம் சோப்பை விழுங்கிப் படிவாக்கும். 150 கிராம் சோப்புக் கட்டியில் கால்வாசி, நுரை கிளம்பும் முன்பே காலி! அந்தப் படிவு போய் உட்காரும் இடம் ஜப்லா.

கட்டிச் சோப்பு மிருதுவானது, சலவைத் தூள் முரடானது என்று நாமாக ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறோம். மென்னீருக்கு அது பொருந்தலாம். உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில், காரம் குறைந்த திரவச் சலவைப்பொருளைக் கொஞ்சமாகப் போட்டு இரண்டு முறை அலசுவதே குழந்தையின் தோலுக்கு நல்லது. அதில் உள்ள இருதலை மூலக்கூறுகள் கால்சியத்தோடு அவ்வளவு எளிதில் படிவாவதில்லை.

விறைப்புப் போக 'மென்மையாக்கி' ஊற்றுவது இன்னொரு சுற்றுவழி. அது நூலின்மேல் ஒரு மெல்லிய கொழுப்புப் பூச்சைப் பூசிவிட்டுப் போகிறது, தொட்டால் பட்டுப்போல இருக்கும். ஆனால் அந்தப் பூச்சு தண்ணீரைத் தள்ளும். இடுப்பில் கட்டும் துணி சிறுநீரை உறிஞ்சாமல் ஓடவிட்டால் அது இருந்தென்ன?

அலசாமல் விட்டது

பிறந்த குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு, பெரியவர்களைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. துணியில் தங்கியது எதுவானாலும், கிலோவுக்குக் கிலோ பார்த்தால் குழந்தைக்குக் கூடுதலாகப் போய்ச்சேர வழியிருக்கிறது. இது வெறும் ஊகம் இல்லை. 1886ஆம் ஆண்டிலேயே, இடுப்புத் துணியில் மருத்துவமனை முத்திரை குத்தப் பயன்பட்ட அனிலின் மை தோல் வழியே இறங்கிக் குழந்தைகள் நீலம் பாரித்ததைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்டிருக்கிறது.

அதைவிடத் துயரமானது 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. ஒரு மகப்பேற்று இல்லத்தில் பச்சைக்குழந்தைகள் காரணமில்லாமல் காய்ச்சல் கண்டு, குளித்ததுபோல் வியர்த்து, மூச்சு வாங்கின. ஒன்பது குழந்தைகள் நோயுற்றன, இரண்டு இறந்தன. பாலில் குற்றமில்லை, தொற்றும் இல்லை. கடைசியில் பிடிபட்டது சலவைக்கூடத்தில். பூஞ்சை வராமலிருக்கத் துணியில் சேர்த்த பொருளில் பென்ட்டாகுளோரோஃபீனால் உப்பு இருந்தது. அது இடுப்புத் துணிகளிலும் விரிப்புகளிலும் தங்கி, தோல் வழியே உள்ளே போயிருந்தது.

நம் வீட்டில் அந்த நஞ்சு இல்லைதான். ஆனால் கடைசி அலசலில் கிருமிநாசினித் திரவம் ஊற்றி அப்படியே பிழிந்து போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆரோக்கியமான குழந்தையின் துணிக்குச் சலவைப்பொருளும் நல்ல வெயிலும் போதும். மருத்துவர் சொல்லிப் போடுவதானால், அதற்குப் பின்னும் வெறும் தண்ணீரில் ஒரு அலசல் வேண்டும்.

கடையில் வாங்கிய புதுத்துணியையும் துவைத்தே போட வேண்டும் என்று பாட்டிமார்கள் சொல்வதற்கு இதே காரணம் பொருந்தும். சுருக்கம் விழாதிருக்கப் போடும் சில பூச்சுகள் ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயுவைச் சிறிது சிறிதாக விடும். ஜப்பான் 1973இல் இயற்றிய சட்டத்தின் கீழ், 24 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் துணியில் அது கண்டறியக்கூடிய அளவுக்கு இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிய காலத்தில் இந்தப் பிரச்சினையே எழவில்லை.

அந்துருண்டை

மூட்டைக்குள் போடும் நாஃப்தலீன் உருண்டையைப் பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. அது உருகாமலே ஆவியாகித் துணியில் ஏறும். கொழுப்பில் நன்றாகக் கரையும், எனவே எண்ணெய் தேய்த்த தோலில் அதற்கு வழி எளிது. உடலுக்குள் போனதும் அதிலிருந்து உண்டாகும் பொருள்கள் சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத்தால் சிதைக்கக்கூடியவை. இதைத் தடுக்க சிவப்பணுவில் ஜி6பிடி என்ற நொதி இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி குறைவு, ஆண் குழந்தைகளில் இது அதிகம். இந்தியாவிலும் இக்குறை பல சமூகங்களில் உண்டு, பெரும்பாலும் பெற்றோருக்கே தெரியாது. 1963இல் கிரேக்க மருத்துவர்கள், நாஃப்தலீன் போட்டு வைத்த துணிகளும் போர்வைகளும் பயன்பட்ட வீடுகளில் பச்சைக்குழந்தைகளுக்குச் சிவப்பணு சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வந்ததைப் பதிவு செய்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பருத்தி ஜப்லாவுக்கு அந்துருண்டை தேவையே இல்லை. அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு போன்ற விலங்குப் புரதத்தை. பருத்தியை அரிப்பது வெள்ளிப்பூச்சி. அதற்குக் கஞ்சி போட்ட துணியும் ஈரமும் பிடிக்கும். கஞ்சி போடாமல், ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து மூடி வைத்தால் வேலை முடிந்தது. கம்பளிக் குல்லாவையும் ஸ்வெட்டரையும் துவைத்து, உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். புழு அதிகம் தேடுவது வியர்வையும் பாலும் ஊறிய கம்பளியைத்தான்.

ஏற்கெனவே அந்துருண்டை போட்டு வைத்த துணிகள் வீட்டில் இருந்தால், அவற்றைச் சில நாள் திறந்த வெளியில் கொடியில் தொங்கவிட்டுப் பிறகு துவையுங்கள். முகர்ந்து பார்த்தால் வாடை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கைக்குழந்தைக்குப் போடவேண்டாம், வெள்ளை ஜப்லா ஒன்றும் அவ்வளவு விலை இல்லை. அந்த வாடையுள்ள துணியைப் போட்ட குழந்தையின் தோல் மஞ்சளாகவோ வெளிறியோ தெரிந்தாலோ, சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போய், அந்துருண்டை போட்டு வைத்த துணி என்பதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.